தெரியாத சால்னா

தவக்காலம் தொடங்கிய அன்றே, செல்லூர் பரோட்டாக் கடையில் ஞானமுத்து வாத்தியார் கறாராகச் சொல்லிவிட்டார்.

“சிவபாண்டி, ஈஸ்டர் வரைக்கும் நான் கறி தொட மாட்டேன். ஆனா, நீ ஊத்துற சால்னாவுல என்ன கெடக்குன்னு கேக்கவும் மாட்டேன். நீயும் சொல்லிராத.”

“சரிங்க சார்.”

ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்பெடுப்பவருக்குச் சட்டம் தெரியாதா? அறியாமல் செய்வது பாவமாகாது.

நாற்பது நாளும் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவில் ஊற வைத்து, விரலைச் சூப்பினார். எலும்பு நன்றாகக் கரைந்திருப்பதாகத் தோன்றும்போதெல்லாம் அவசரமாக எதுவும் தெரியாதவராகிவிடுவார். கோழிக்கடை வரிசையில் நின்ற தன் மறைக்கல்வி மாணவன் டோனியை மட்டும், “தவக்காலத்துல வெக்கமா இல்லயாடா?” என்று நடுத்தெருவில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார்.

ஈஸ்டர் அன்று சாயங்காலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“நோன்பு முடிஞ்சுபோச்சுப்பா. இப்பச் சொல்லு, இம்புட்டு நாளும் ஊத்துனது ஆடா, கோழியா?”

சிவபாண்டி பதறிப்போனான். “என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? விரதக்காரரு தெரியாமக்கூட வாயில வச்சிரக் கூடாதுன்னு, உங்களுக்கு மட்டும் தெனமும் தனிச் சட்டியில காய்கறிக் குருமால்ல வச்சேன்!”

வாத்தியாரின் முகம் சுண்டிப்போனது.

“அடப்பாவி!” என்றார்.