படுத்திருக்கும் வேலை

ஒரு மிளகாய் நாற்றின் தண்டுக்குள், வெயிலை வைத்துச் சோறாக்கும் பச்சைமணிக்கு ஒரே எரிச்சல். காரணம், உடம்பு முழுக்க மாவு நிரம்பிக் கனத்து, கீழே குவியலாகக் கிடந்த மாவுமணிகள்.

"நாள் பூரா நான் வேகுறேன். நீங்க என்னடான்னா விழுந்து கிடக்கிறீங்க."

"என்ன செய்ய அண்ணாச்சி, எங்க மரபணுவுலயே 'விழுந்து கிட'ன்னுதான் எழுதியிருக்கு," என்று கொட்டாவி விட்டது ஒரு மாவுமணி.

"சோம்பேறிக்கு இது ஒரு சாக்கு."

அந்த நேரம் பார்த்து ஒரு பூனை நாற்று இருந்த தொட்டியைத் தள்ளிவிட்டது. தண்டு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. பச்சைமணி கலங்கிப்போனது. "இப்ப வானம் எந்தப் பக்கம்?"

மாவுமணிகள் உருண்டுபோய்ப் புதுப் பக்கத்தில் பொத்தென்று விழுந்தன. "நாங்க கிடக்கிறதுக்கு நேர் எதிர்ப்பக்கம், அண்ணாச்சி."

அவை காட்டிய திசையைப் பார்த்தே தண்டு மெல்ல வளைந்து நிமிர்ந்தது.

மறுநாள் ஒரு மாவுமணி சோம்பல் முறித்து எழப் பார்த்தது. பச்சைமணி பதறிவிட்டது.

"வேலை நேரத்துல எங்க கிளம்பிட்ட? பேசாம படு."