கோலம் இல்லாத வாசல்

மேலத்தெருவில் மட்டும் ஒரு வருடம் ஓட்டிப் பார்த்த ஸ்மார்ட் சிட்டி திட்டத்தை அந்த மாதம்தான் ஊர் முழுவதற்கும் விரித்திருந்தார்கள். மூன்றாம் நாள் விடிந்ததும், யாரும் கூப்பிடாமலே, ஓட்டுநர் இல்லாத அமரர் ஊர்தி ஒன்று மருதப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றது.

திட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"உங்க வாசல்ல கோலம் இல்லையே ஐயா," என்றாள் பேசிய பெண். "மேலத்தெருவுல சாவு விழுந்த வீட்டைத் தவிர எல்லா வாசல்லயும் கோலம் இருக்கும். தெருவுல நாங்க வச்சிருக்கற கேமரா அதைப் பாத்துதான் பழகியிருக்கு."

"என் வீட்டுக்காரி படுத்த படுக்கையா கெடக்கா. யாரும்மா போடுறது?"

"சரி பண்ணிடுவாங்க. அதுவரைக்கும் நீங்களே போட்டுடுங்களேன்."

தினமும் வண்டி வந்து, பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. ஜன்னலோரக் கட்டிலிலிருந்து சௌந்தரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருதப்பன் கோலப்பொடி டப்பாவை எடுத்தார். சௌந்தரம் படுத்தபடியே ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொடுத்தாள். "ஏழு புள்ளிங்க. கோணாம இழுங்க." கோணலாகத்தான் வந்தது. ஆனாலும் வண்டி தெருமுனையோடு திரும்பிப் போனது.

ஒரு மாதம் அப்படியே கழிந்தது. அன்று காலை புள்ளி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். குரல் வரவில்லை. உள்ளே போய் அவள் கையைத் தொட்டார். சில்லிட்டிருந்தது.

வெளியே வந்தபோது தெருமுனையில் வண்டி நின்றுகொண்டிருந்தது. மருதப்பன் குனிந்து, ஒரு புள்ளி விடாமல் கோலத்தை இழுத்து முடித்தார். வண்டி திரும்பிப் போயிற்று.

"இன்னிக்குக் கோணவே இல்ல, சௌந்தரம்," என்றார் ஜன்னலைப் பார்த்து.