தலைமடை வயல்

மார்ச் 6, புதன்கிழமை. சாங்ஹுவாவில் விடியற்காலையிலிருந்தே மெல்லிய தூறல்.

லாய் குடும்பத்தின் நெல்வயல்களில் அடுக்குமாடி வீடுகள் எழவிருந்தன. அதற்குமுன் மண்ணைச் சோதிக்கும் பொருட்டு யூபென் என்னும் பெண் துளைக்கருவியுடன் வந்திருந்தாள். வாய்க்கால் நீர் முதலில் நுழையும் தலைமடை வயலை மறித்து நின்றார் முதியவர் லாய்.

"இதை மட்டும் விட்டுடும்மா. மத்ததுல எங்க வேணா தோண்டிக்க."

"எதை ஒளிக்கிறீங்க பெரியப்பா? மண்ணு கெட்டிருந்தா விலை போகாதுன்னு பயமா?"

"ஒளிக்கிறேனா? நல்ல கதையா இருக்கே. மத்த வயலுக்கு மருந்தடிச்சேன், வித்தேன். இது எங்க வீட்டுச் சாப்பாட்டுக்கு. ஒரு சொட்டு மருந்து விழுந்ததில்ல, முதல் தண்ணியும் இதுக்குத்தான். ஊரெல்லாம் தோண்டின அழுக்குக் கருவிய இதுல இறக்காத."

அவள் நகைத்தவாறே அங்கும் துளையிட்டாள். பிற்பகலில் களச்சோதனைக் கருவியில் முடிவுகளைக் கண்டதும் அவள் முகம் தெளிந்தது.

"கவலைய விடுங்க பெரியப்பா. மத்ததெல்லாம் சுத்தம். மேல இருக்கிற முலாம் பட்டறைக் கழிவு வாய்க்கால்ல வந்து, நுழையிற இடத்துலயே படிஞ்சிருக்கு. இந்த ஒரு வயல்லதான் காட்மியம். சிறுநீரகத்தையே தின்னுடும். மண்ணை அள்ளிட்டா வீடு கட்டலாம். நல்லவேளை, இந்த அரிசிய நீங்க யாருக்கும் விக்கல."

"விக்கல" என்றார் லாய்.

வீட்டினுள்ளிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது.

"ஏங்க, எனக்கும் மகளுக்கும் டயாலிசிஸுக்கு நேரமாச்சு, கிளம்பிட்டோம். அந்தப் பொண்ணைக் கஞ்சி குடிக்கக் கூப்பிடுங்க. மருந்தடிக்காத அரிசின்னு சொல்லுங்க."

லாய் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போது மணி மூன்று பத்து.