ஈரம் காயாத முட்டை

போன வாரச் சந்தையில் கோழித்தீவனக் கடை ஞானதுரை, பாக்கியத்தாயின் கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தார். கருப்பட்டி நிற ஓட்டிலிருந்து துணியில் சாயம் இறங்கியது. துணியை உயர்த்திக் காட்டி, "டீத்தண்ணியில ஊறப்போட்டுக் கொண்டாந்திருக்கா" என்றார். சந்தையே சிரித்தது. ஆறு வருடமாக, இருப்பதிலேயே கறுத்த முட்டையை மட்டும் பொறுக்கி அடைவைத்து அந்த நிறத்தை வரவழைத்தவள், கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இந்த வாரம் அவள் முட்டை கொண்டுவரவில்லை. கோழியைக் கொண்டுவந்தாள். அது இடுகிற நேரம் பார்த்து, அவர் கடை வாசலிலேயே வைக்கோல் பரப்பி உட்காரவைத்தாள்.

"கைய நீட்டுங்க அண்ணாச்சி."

கூட்டம் கூடிவிட்டது. வேறு வழியில்லாமல் அவர் குந்தி உட்கார்ந்து கோழிக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்தார். தவிடு வாங்க வந்தவர்கள் சாக்கை இறக்கிவைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். கோழி பாதி எழுந்து வாலைத் தாழ்த்தியது. சூடாக, ஈரமாக, அதே கருப்பட்டி நிறத்தில் ஒரு முட்டை கைக்குள் விழுந்தது. நழுவிவிடுமோ என்று அவர் சட்டென விரல்களை மடக்கினார்.

விரித்தபோது நிறம் அவர் பெருவிரலில் ஒட்டியிருந்தது. முட்டையில் அவருடைய ரேகை வரிவரியாகப் பதிந்திருந்தது. கூட்டம் விசிலடித்தது. அவர் அவசரமாக முட்டையைத் துடைக்கத் துண்டை எடுத்தார்.

"தொடைக்காதீங்க அண்ணாச்சி, காயட்டும்" என்றாள் பாக்கியத்தாய். "இனி எல்லாச் சந்தைக்கும் என் கூடையில மேல இருக்கப்போறது அதுதான்."