அண்ணனுக்கு ஒரு டெஸ்ட்

"டாக்டர், அந்தக் கிருமி அண்ணனோட மூளைக்கு ஏறிடுச்சு. அதுல சந்தேகமே இல்லை. எவ்வளவு தூரம் ஏறியிருக்குன்னு மட்டும் நீங்க சொன்னா போதும்."

நோயாளி வாயைத் திறப்பதற்குள் தம்பி தீர்ப்பே எழுதிவிட்டான். ஐம்பது வயசாகிறது, தான் சொல்வது தப்பாக இருக்கலாம் என்ற எண்ணம் அவனுக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

அண்ணன் பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எச்.ஐ.வி. வந்து பதினெட்டு வருஷம். மாத்திரையை ஒரு வேளை தவறவிட்டதில்லை. கிருமி இருக்கும் இடம் தெரியாமல் அடங்கிக் கிடந்தது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து கண்ணாடிக் கடை நடத்துகிறார்கள். முன்னால் உட்கார்ந்து ஆர்டர் எழுதுவது தம்பி, உள்ளே மெஷினில் லென்ஸ் தேய்ப்பது அண்ணன்.

"என்ன மாதிரி மறதி?" டாக்டரம்மா அண்ணனைப் பார்த்துத்தான் கேட்டார்.

பதில் தம்பியிடமிருந்து வந்தது.

"ஒரு டீச்சருக்கு வலது கண் பவரை இடது கண்ணுல போட்டுட்டார். பாவம், அவங்க படியில விழப் பார்த்தாங்க. ஒரே ஃபிரேமுக்கு கம்பெனிக்கு மூணு தடவை ஆர்டர் போயிருக்கு. மெஷினை ஓடவிட்டுட்டே கடையைப் பூட்டினது ரெண்டு தடவை. என்னண்ணான்னு கேட்டா, 'நான்தான் போலிருக்கு'ன்னு தலையைச் சொறியறார்."

"அப்படியா?"

"ஆமாம் டாக்டர்" என்றார் அண்ணன்.

"இனிமே இவரை மெஷின்ல உட்கார வைக்க முடியாது. அடுத்தவங்க கண்ணோட விளையாடலாமா? வீட்டுல ரெஸ்ட் எடுக்கட்டும், நான் பார்த்துக்கறேன்."

சொல்லிக்கொண்டே தம்பி அண்ணனின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டான். வாய்தான் நீளமே தவிர, பாசத்தில் குறை சொல்ல முடியாது.

அந்த மெஷினை விட்டால் அண்ணனுக்கு உலகத்தில் வேறு எதுவும் தெரியாது. ஆனாலும் சரியென்று தலையை ஆட்டினார்.

டாக்டர் விளக்கினார். "நரம்பு பாதிக்கப்பட்டா, அதுல இருக்கிற ஒரு புரதம் கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துல கலக்கும். அதை அளந்து பார்க்கிறோம். கூடவே ஒரு ஞாபகப் பரீட்சை. இதை மட்டும் வச்சு எதையும் முடிவு கட்டிட முடியாது. ஆனா கவலைப்படணுமா வேண்டாமான்னு ஒரு துப்பு கிடைக்கும்."

"கிருமி இல்லாத ஒருத்தரோட ஒப்பிட்டுப் பார்ப்பீங்களா டாக்டர்?" அண்ணன் முதல் தடவையாகத் தானாக வாய் திறந்தார்.

"ஆமாம், இது ஆராய்ச்சியில ஒரு பகுதி. கூடப் பிறந்தவங்க வந்தா ரொம்ப நல்லது."

"இவன் இருக்கானே. என்னைவிட ரெண்டு வயசுதான் சின்னவன்."

தம்பி யோசிக்கவே இல்லை. கையை நீட்டிவிட்டான். "தாராளமா எடுங்க. நல்ல மூளை எப்படி இருக்கும்னு நீங்களும் பார்த்த மாதிரி இருக்கும்."

நர்ஸ் பத்து வார்த்தைகளைச் சொல்லி, கால் மணி நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். அண்ணன் ஒன்பது சொன்னார். தம்பி நாலோடு நிறுத்திக்கொண்டான்.

"நினைப்பெல்லாம் கடையில இருக்கு சிஸ்டர். இது ஒண்ணாம் கிளாஸ் பரீட்சை, இதுக்கெல்லாம் யார் உட்கார்ந்து படிக்கிறது?"

இரண்டு வாரம் கழித்து இருவரும் மறுபடி வந்தார்கள். டாக்டர் தம்பியிடம் கேட்டார், "உங்க ரிசல்ட்டைத் தனியா சொல்லட்டுமா?"

"அண்ணன்கிட்ட எனக்கென்ன ஒளிவு மறைவு? சும்மா சொல்லுங்க."

"அண்ணனோட அளவு அவர் வயசுக்கு எவ்வளவு இருக்கணுமோ அவ்வளவுதான் இருக்கு. ஞாபகமும் பிரமாதம். அவர் நாளைக்கே மெஷின்ல உட்காரலாம்." டாக்டர் தம்பி பக்கம் திரும்பினார். "உங்களுக்குத்தான் அளவு ரெண்டு மடங்குக்கு மேல இருக்கு."

தம்பி சிரித்தான். "ரத்தம் மாறிப்போயிருக்கும் டாக்டர்."

"சந்தேகப்பட்டு ரெண்டாவது தடவையும் பார்த்துட்டோம்."

சிரிப்பு நின்றது. தம்பி இப்படிப் பயந்து அவனே பார்த்ததில்லை.

"பதறாதீங்க. இது என்னன்னு இனிமேதான் தேடணும். விட்டமின் குறைவா இருக்கலாம், சர்க்கரையா இருக்கலாம். சரி பண்ணக்கூடிய காரணம் நிறைய உண்டு. முத்தவிடாம வந்துட்டீங்க, அதுவே பாதி வைத்தியம்."

தம்பி மெல்ல அண்ணன் பக்கம் திரும்பினான்.

"அப்ப அந்த டீச்சரம்மா கண்ணாடி?"

"ஆர்டர் சீட்டுல நீதான் மாத்தி எழுதியிருந்தே. நான் அதைப் பார்த்துத் தேய்ச்சேன். அன்னையிலேருந்து நீ எழுதற ஒவ்வொரு சீட்டையும் சரிபார்த்துட்டுதான் லென்ஸைத் தொடறேன்."

"மூணு தடவை ஆர்டர்?"

"நீ பண்ணின போன்தான்."

"மெஷினை ஓடவிட்டது?"

"ரெண்டு நாளும் நான் முன்னாடியே வீட்டுக்குப் போயிட்டேன். பூட்டினது நீ."

தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே கோபமும் வந்தது.

"பின்னே எதுக்கு எல்லாத்துக்கும் நான்தான், நான்தான்னு தலையை ஆட்டினே? உன்னைக் கடையை விட்டே அனுப்பப் பார்த்தேனே, அப்பகூடவா வாயைத் திறக்கக்கூடாது?"

அண்ணன் அவன் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"உனக்கு டெஸ்ட் எடுக்கணும்னு கூப்பிட்டிருந்தா நீ வந்திருப்பியாடா? எனக்கு ஒண்ணுன்னா நீ என் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வருவேன்னுதான் எனக்குத் தெரியுமே."