வர்தா சொல்லாத பதில்

"முகத்துல அடி விழுந்தா நாலு பேருக்குத் தெரியணும். என் முகத்துல விழுந்தா மாண்ட்ரியல் முழுக்கப் பார்க்கும். உங்க முகத்துல விழுந்தா யார் பார்ப்பாங்க?"

கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார் நகரசபை உறுப்பினர் சொலாஞ். டிவியில் மதிய நேரலை விவாதம். எதிரே, கண்கள் மட்டும் தெரிய வர்தா உட்கார்ந்திருந்தாள்.

அதுவரை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தவள்தான். அரசுக் கல்லூரியில் நர்ஸ் உதவியாளர் படிப்பு. முடிக்க இன்னும் மூன்றே மாதம். அதற்குள், முகத்திரையோடு வகுப்பில் உட்காரக் கூடாது என்ற சட்டம் அடுத்த வாரம் மாகாணச் சட்டசபையில் ஓட்டுக்கு வருகிறது. சொலாஞ் அந்தச் சட்டத்தின் பக்கம்.

"பரீட்சைக்கு முன்னாடி டீச்சரம்மாகிட்ட முகத்தைக் காட்டுறேன். எப்பவும் காட்டிக்கிட்டுதான் இருக்கேன். படிப்பை முடிக்க விடுங்க, அவ்வளவுதான் கேக்குறேன்" என்றாள்.

"ஆம்பளை நோயாளி வந்தா?" என்று மடக்கினார் தொகுப்பாளர் ரெமி.

"எனக்குப் பிரசவ வார்டுல பயிற்சி. அங்க ஆம்பளை வந்து படுத்தா, முதல்ல உங்களுக்குத்தான் போன் பண்ணுவேன்."

அரங்கமே சிரித்தது. கைதட்டல்கூட விழுந்தது.

ஆனால் சொலாஞ் கேட்ட இந்தக் கேள்விக்கு?

"நான் இன்னைக்கு..." என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். சொலாஞ்சையே பார்த்தாள்.

ஏழு நொடி போயிற்று. நேரலையில் அது ஒரு யுகம்.

"மன்னிச்சுக்குங்க. எனக்குச் சொல்லத் தெரியலை."

"எல்லாருக்கும் புரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்" என்று முடித்துவைத்தார் ரெமி. நேயர்களின் போன் ஓட்டில் நூற்றுக்கு எண்பத்தொரு பேர் சட்டத்தின் பக்கம்.

கேமராவுக்குப் பின்னால் நின்ற நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மாதம் வீட்டுக்கு நடையாய் நடந்து, "ஒரு தடவை வாயைத் திறந்து பேசு, ஊர் கேக்கும்" என்று கெஞ்சி வர்தாவை அழைத்துவந்தவள் அவள்தான். அந்த ஒரு மாதத்தில் இருவருக்கும் இடையில் 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது.

"பாவம், வீட்டுல நல்லா விழுது போல" என்றான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த சவுண்ட் ஆள்.

வாசலருகே பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த வர்தாவைப் பிடித்தாள் கரீன்.

"என்ன இப்படிக் கவுத்துட்டே? ஒரு பதில் சொல்ல வாய் வரலையா?"

"வந்துச்சு. நாக்கு நுனிவரைக்கும் வந்துச்சு."

"பின்ன?"

"அது நாலு பேர் முன்னாடி சொல்ற பதில் இல்ல, கரீன்."

கரீனுக்குச் சுருக்கென்றது. குரலைத் தாழ்த்தினாள்.

"உன் வீட்டுக்காரர் அடிக்கிறாரா? என்கிட்ட மறைக்காதே. உதவி பண்ண ஆள் இருக்காங்க."

பூட்ஸ் ஜிப்பை விட்டுவிட்டு வர்தா நிமிர்ந்து பார்த்தாள்.

"அவர் என்மேல கை வெச்சதே இல்ல. எங்க வீட்டுல வந்து டீ குடிச்சிருக்கே. நீயும் அதையே கேக்குறியா?"

"பின்ன என்னதான் நினைக்கச் சொல்றே? திருதிருன்னு முழிச்சதை ஊரே பார்த்துச்சு."

வர்தா மற்ற பூட்ஸையும் மாட்டிக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போய்விட்டாள்.

யாரிடமாவது புலம்பியே ஆக வேண்டும் என்று மேக்கப் அறைக்குப் போனாள் கரீன்.

சொலாஞ் நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். மேக்கப் போடும் லூஸி பஞ்சால் அவர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேக்கப் கலையக் கலைய, கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரைக்கும் கன்றிப்போய்க் கிடந்தது. மூன்று விரல் தடங்களை எண்ணிவிடலாம்.

காலடி கேட்டு சொலாஞ் கண்ணைத் திறந்தார்.

"படியில வழுக்கிட்டேன். பனி" என்றார். யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. ஸ்கார்ஃபை முகம்வரை சுற்றிக்கொண்டு கிளம்பிப் போனார்.

"இந்தக் குளிர்காலத்துல நாலாவது தடவை வழுக்குறாங்க" என்றாள் லூஸி, பஞ்சைக் குப்பையில் போட்டபடி.

கரீன் அறைக் கதவைச் சாத்திவிட்டு லூஸியின் பக்கம் திரும்பினாள்.

"மைக் மாட்ட ஆம்பளை வேணாம்னு அந்தப் பொண்ணை என்கிட்டதானே அனுப்பினே? வந்து பக்கத்து நாற்காலியில உக்கார்ந்து, திரையை எடுத்தா. சிரிச்சா கன்னத்துல குழி விழுது. ஒரு கீறல்கூட இல்ல. அப்ப மேடம் இதே மாதிரி கண்ணை மூடிப் படுத்திருந்தாங்க. நான் பாதிதான் பூசியிருந்தேன்."

"வர்தா பார்த்துட்டாளா?"

"நல்லாப் பார்த்துட்டா."

வாசலில் வைத்துக் கேட்டதை நினைத்தபோது கரீனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்து பார்த்தாள். தெருவில் பனி மட்டும்தான் கொட்டிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து வெறும் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ ஜெயிச்சிருப்பா, லூஸி."

"ஜெயிச்சிருப்பா."

லூஸி பிரஷ்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"நாலு தடவையும் நான்தான் பூசி மறைச்சு அனுப்பினேன். ஒரு தடவைகூட நான் வாயைத் திறந்து எதுவும் கேட்டதில்ல. அந்தப் பொண்ணுதான் மைக் மாட்டிக்கிட்டுப் போகும்போது என் காதோரமா வந்து கேட்டா, 'இந்தம்மாவுக்குப் போய் இருக்க வேற வீடு இருக்கா?'ன்னு."