மேலே வந்த வாய்கள்

சில நாட்களாக வெயிலே இல்லை. கீழ் கோத்தகிரிச் சரிவில், தேயிலைக்கும் முட்டைக்கோஸ் பாத்திகளுக்கும் நடுவே இருக்கும் மீன்குட்டையின் மேல் காலைப் பனிமூட்டம் படுத்திருக்கிறது. அதற்கடியில் நீரெங்கும் வாய்கள். கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பொத், பொத்தென்று சத்தம். மாலதி தவிட்டுச் சட்டியோடு ஓடிவருகிறாள். "ஏனுங்க, பசியாட்ட இருக்குதுங்க," என்று ஒரு கை அள்ளி வீசுகிறாள். ஒரு மீனும் தொடவில்லை. தவிடு மிதந்து, ஊறி, மெல்லக் கீழே இறங்குகிறது. "போடாத மாலதி! பசியில்ல, மூச்சு முட்டுது," என்று கத்துகிறான் அவள் கணவன் நவநீதன். "நாம போட்ட தவிடும் கோஸ் தழையும் அடியில அழுகிக் கெடக்குது. தண்ணியில இருக்கற காத்தையெல்லாம் அந்தச் சேறே இழுத்துக்குது." மோட்டாரைப் போட்டு நீரைச் சிதறடித்துக் காற்றேற்றலாம் என்றால் கரண்ட் இல்லை. மூங்கில் கழியால் நீரை அடிக்கிறான். கழியின் நுனி அடியில் பட்டதும் கறுப்பாகக் கலங்கல் எழுகிறது. கூடவே குமிழிகள், அழுகிய முட்டை நாற்றம். கழியை எறிந்துவிட்டு வாளியில் மொண்டு தலைக்கு மேலிருந்து ஊற்றுகிறான். மாலதியும் தவிட்டைக் கரையில் கொட்டிவிட்டு அதே சட்டியால் மொண்டு மொண்டு ஊற்றுகிறாள். வாய்கள் குறைகின்றன. "கீழ போயிருச்சுங்க. பொழச்சுக்கிச்சு," என்று அவள் சிரிக்கப் பார்க்கிறாள். நவநீதன் இன்னும் வேகமாக மொள்கிறான். கீழேதான் காற்றை இழுக்கும் அந்தச் சேறு இருக்கிறது.